குளத்தங்கரை ஏத்தமும் அண்ணனின் மினி பைக்கும்

போன வாரம் திருநெல்வேலியில் மேம்பாலம் ஏறத் தொடங்கும் இடத்தில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். பச்சை சிக்னல் விழுந்ததும் எங்களுக்கு முன்னால் நின்ற வண்டி பாலத்தில் ஏறியது. பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னச் சக்கரம் வைத்த பேட்டரி ஸ்கூட்டர். ஓட்டியவரின் ஊன்றுகோல்கள் சீட்டுக்குப் பின்னால் செருகியிருந்தன. வண்டியில் சத்தமே இல்லை. அது பாட்டுக்கு ஏறிப் போய்விட்டது. நான்தான் ஆட்டோவின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னம்மா, வயிறு கியிறு வலிக்கா?" என்று கேட்டது.

வலி ஒன்றும் இல்லை. அது ஏறுமா ஏறாதா என்ற பதைப்பு. இத்தனை வருஷம் கழித்தும் உடம்பை விட்டுப் போகவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

என் அண்ணன் சங்கரனுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் இருந்து அவனைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அப்பா. முதலில் தோளில், பிறகு சைக்கிள் கேரியரில். விசைத்தறியில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, முகத்தைக் கழுவி, அப்படியே சைக்கிளை எடுப்பார். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, வாத்தியார் பயிற்சி எல்லாமே அந்தக் கேரியரில்தான் நடந்தது. அண்ணன் கணக்கில் புலி. எனக்குக் கணக்கு வராது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு, தறிப் பட்டறையில் ஊடைநூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. மேற்கே, பெரிய குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். பஸ் கிடையாது. மண் சாலை நேரே போய், குளத்தங்கரையில் சரிவாக ஏறி, மறுபக்கம் இறங்கும். அந்தச் சரிவை எல்லோரும் ஏத்தம் என்றே சொல்வார்கள். ஒரு பக்கம் வயல் பள்ளம். பாதிக்கு மேல் போனால் மறுபக்கம் தண்ணீர். நல்ல மாடு பூட்டிய வண்டியே அதில் நின்று மூச்சு வாங்கித்தான் போகும்.

அப்பா அண்ணனைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த ஏத்தத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். தறிப் பட்டறைப் பஞ்சு அவர் நெஞ்சில் எத்தனையோ வருஷமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. ஆவணியில் ஒருநாள் பாதி ஏத்தத்தில் இருமல் பிடித்து, ஸ்டாண்டு போடக்கூட முடியாமல், சைக்கிளை இடுப்பில் சாய்த்தபடி குனிந்துவிட்டார். அண்ணன் கேரியரில் இருக்கிறான். இறங்கினால் விழுவான். இறங்காவிட்டால் அவன் கனம் முழுவதும் அப்பா மேல். இருமல் அடங்கும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தானாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"ஏட்டி, இனிமே என்னை யாரும் தள்ளக்கூடாது" என்றான் என்னிடம். "அப்பாவும்தான்."

புளியங்குடி என்றால் எல்லோருக்கும் எலுமிச்சம்பழம் ஞாபகம் வரும். எனக்கு வருவது ஒரு எலுமிச்சம்பழ கமிஷன் கடையின் பின்கட்டு. அங்கே அழுகின பழக் கூடைகளுக்கு அடியில்தான் அந்த மினி பைக் கிடந்தது. குட்டி வண்டி. கியர் கிடையாது. மிதித்து ஸ்டார்ட் செய்து, கைப்பிடியில் ஆக்சிலேட்டர் காதைத் திருகினால் ஓடும், அவ்வளவுதான். கடைக்காரர் மகன் பழகுவதற்கு வாங்கி, அலுத்துப்போய்ப் போட்டது. சீட்டில் கோழி அடைந்த அடையாளம் இருந்தது. அண்ணனோடு படித்த கோமதிநாயகம் அண்ணன் அதைத் துப்புச் சொன்னவர். மோட்டார் பம்புசெட்டு ரிப்பேர் பார்ப்பவர். அவரே மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

அப்பா பார்த்தார். "இதுக்கு என் சைக்கிள் குறைஞ்சி போச்சோ?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வண்டியின் பக்கமே திரும்பவில்லை. வாசலில் அது கிடந்த நாளெல்லாம் சுற்றிக்கொண்டு போய் வருவார்.

மண்ணெண்ணெய் வாடை அடித்தால் இன்றைக்கும் எனக்கு அந்த ஐப்பசி மாதம் வந்துவிடும். ரேஷனில் வாங்கின மண்ணெண்ணெயில் பாதி வண்டிக்குப் போனது. அடுப்புக்குப் பற்றாமல் அம்மா கத்துவாள். பெட்ரோல் டேங்குக்குள் துருவாக இருந்தது. பொடிக் கல்லும் மண்ணெண்ணெயும் ஊற்றி மூடி, அதைக் குலுக்குகிற வேலை எனக்கு. பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருப்பேன். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். கைப்பிடியில் ஏறியிருந்த துருவை எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். எலுமிச்சம்பழம் கெடுத்த இரும்பை எலுமிச்சம்பழமே வெளுக்க வைத்தது வேடிக்கைதான். சைலன்சரை விறகுத் தீயில் போட்டுக் கரியை எரித்தார்கள். பிஸ்டனுக்குப் புது வளையம் போட்டார்கள். பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்து வெல்டு அடித்தார்கள். அண்ணன் காலை ஊன்றாமல் நிற்க வேண்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏத்தத்துக்குப் போனோம். அப்பாவுக்குச் சொல்லவில்லை. நாயகம் அண்ணன் சைக்கிளில் கூட வந்தார். நான் பின்னால் ஊன்றுகோலையும் ஒரு மரக்கட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி நின்றால் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட வேண்டும். பஸ் கிளீனர் வேலை. எனக்கோ சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

சமதரையில் வண்டி ஜோராகப் போயிற்று. அண்ணன் சட்டை காற்றில் உப்பி என் முகத்தில் அடித்தது. ஏத்தத்தில் கால்வாசி போனதுமே சத்தம் கம்மியது. அண்ணன் காதை முழுக்கத் திருகினான். கிளட்ச் தீய்கிற நாற்றம் வந்தது. வண்டி நின்றது. நின்றது என்று நான் உணர்வதற்குள், பிரேக்குக்கும் அடங்காமல் பின்னால் உருண்டது. குதித்தேன். கட்டையைப் போட்டேன், அது சக்கரத்துக்குப் போகவில்லை, எங்கேயோ போனது. வண்டி என்னைத் தாண்டி, வயல் பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், ஓரத்தில் நின்ற ஒரு பனையின் அடிமூட்டில் இடித்து நின்றது. பனை இல்லாவிட்டால் இரண்டாள் ஆழப் பள்ளம். அண்ணன் கைப்பிடியை விடவே இல்லை. நானும் நாயகம் அண்ணனும் ஓடிப்போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

அப்பாவுக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. சங்கரன்கோவிலில் எந்தச் செய்திக்கும் கால் உண்டு. அவர் சத்தம் போடவில்லை. "போதும்லே. நான் இருக்க வரைக்கும் கொண்டு விடுதேன்" என்றார்.

"அதுக்கப்புறம்?" என்றான் அண்ணன்.

இரண்டு பேரும் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காலையில் சைக்கிளில் ஒன்றாகத்தான் போவார்கள். போக வர ஒரு வார்த்தை கிடையாது. வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் கேட்பார்கள். ஒரே வீட்டுக்குள் அந்த இரண்டு மாதத்தைக் கடத்தியது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். கார்த்திகை மழையில் அப்பாவின் இழுப்பு கூடியது. சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் கையில் இருந்த லீவும் தீர்ந்தது. அரைப்பரீட்சை விடுமுறை விட்டதால் கொஞ்ச நாள் தப்பித்தோம்.

நாயகம் அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எஞ்சின்ல சீக்கு இல்ல வே. நல்லாத்தான் சுத்துது. இழுக்கத்தான் மாட்டேங்குது. பின்சக்கரத்துப் பல்லைக் கூட்டணும். இழுவை கூடும். ஆனா வேகம் போயிரும், பாத்துக்கிடும்."

"வேகம் எனக்கு எதுக்கு வே? நான் என்ன ரேசுக்கா போறேன்?" என்றான் அண்ணன்.

எனக்குப் புரியவில்லை என்று அண்ணன் விளக்கினான். ஒரு மூட்டை அரிசியை உன்னால் ஒரே தூக்கில் தூக்க முடியாது. ஒவ்வொரு படியாக அளந்து கொண்டு போனால் மூட்டை முழுவதும் உள்ளே வந்துவிடும், நேரம்தான் ஆகும். பின்னால் செயின் ஓடும் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் எஞ்சினும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு போகும் என்றான். கணக்கை நான் வாழ்க்கையிலேயே புரிந்துகொண்டது அந்த ஒரு தடவைதான்.

தறிகளுக்குப் பல்சக்கரம் வெட்டும் லேத்துப் பட்டறை ஒன்று எங்கள் தெருக்கோடியில் இருந்தது. அண்ணன் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கணக்குப் பார்த்து, பழைய பல்லைப்போல் ஒன்றரை மடங்கு என்றான். வெட்டிக்கொண்டு வந்து மாட்டினால், பக்கச் சக்கரத்துக்கு வெல்டு அடித்த கம்பியில் இடித்தது. சுற்றவே இல்லை. கணக்கில் கம்பி இல்லை! நாயகம் அண்ணன் கம்பியை வெட்டலாம் என்றார். வெட்டினால் வண்டி நிற்காது என்றான் அண்ணன். இரண்டு பேரும் வாசலில் சண்டை போட்டார்கள். கடைசியில் பல்சக்கரத்தையே கொஞ்சம் சின்னதாக, இன்னொன்று வெட்டினார்கள். இப்போது செயின் பற்றவில்லை. இன்னொரு செயினில் இருந்து துண்டு எடுத்துக் கோத்து, ஒரு பூட்டுப் போட்டு இணைத்தார்கள். அந்தப் பூட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் என்று ஒரு சத்தம் போடும்.

"இது தாங்குமா நாயகண்ணே?" என்று கேட்டேன்.

"தாங்கணும்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மழை விடாமல் பெய்ததில் சாலை சேறாகக் கிடந்தது. சோதித்துப் பார்க்க வழியில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு, தை பிறக்கும் முன்பு, காலையில் கிளம்பினோம். நான் பின்னால், கட்டையோடு. வெயில் வந்து தரை இறுகியிருந்தது. வண்டி சைக்கிள் வேகத்துக்குத்தான் போயிற்று. எஞ்சின் மட்டும் ஊரைக் கூட்டியது. திரும்பிப் பார்த்தால், கொஞ்ச தூரத்தில் அப்பா, டாக்டர் சொன்னதையும் கேட்காமல், சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அண்ணனிடம் சொல்லவில்லை.

குளம் நிறைந்து கிடந்தது. ஏத்தத்தில் ஏறினோம். கால்வாசி தாண்டியது. பனை தாண்டியது. டிக், டிக் என்று செயின் பூட்டுச் சத்தம் என் காலுக்குக் கீழே கேட்டது. அப்போது மேலே ஒரு வைக்கோல் வண்டி இறங்கி வந்தது. பாதையை அடைத்துக்கொண்டு. வண்டிக்காரர் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"வாத்தியாரே, நில்லும்! அங்கனயே நில்லும்!"

நின்றால் பிறகு எடுக்க முடியாது. அண்ணன் தண்ணீர் ஓரமாக ஒடித்தான். வைக்கோல் என் தோளை உரசிக்கொண்டு போனது. வலது பக்கச் சக்கரம் கரையின் கல்லில் ஏறி இறங்கியது. அதற்குக் கீழே தண்ணீர்தான். கல்லில் ஏறிய அதிர்ச்சியில் எஞ்சின் குரல் தாழ்ந்தது. டக்... டக்... என்று ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. நான் குதித்துவிட்டால் கனம் குறையுமே என்று காலை எடுத்தேன்.

"அசையாத!" என்றான்.

பின்னால் சைக்கிள் தரையில் விழும் சத்தம். அப்பா ஓடி வந்தார். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு கையும் முன்னால் நீண்டு, என் முதுகுக்குப் பின்னால் கேரியர் கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"கை வைக்காதீங்கப்பா!"

அண்ணன் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அப்பாவின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. வண்டி நிற்கவில்லை. மனிதர் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக, ஊர்ந்து, ஆனால் நிற்காமல் போனது. அப்பாவும் நீட்டின கையை மடக்காமல் கூடவே நடந்தார். தொடவில்லை. அவருடைய மூச்சிரைப்பும் எஞ்சின் சத்தமும் எனக்கு ஒன்றாகக் கேட்டன. முன்சக்கரம் கரை உச்சியைத் தொட்டதும், சத்தம் சட்டென்று லேசானது. குளத்துக் காற்று முகத்தில் அடித்தது.

அண்ணன் உச்சியில் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பா முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். நிமிர்ந்ததும், "பெல்லடிச்சிருவான், போ" என்றார்.

மறுநாளில் இருந்து நான் கூடப் போகவில்லை. அண்ணன் தனியாகப் போனான். அப்பா கொஞ்ச நாள் பின்னாலேயே மெதுவாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏத்தத்தின் அடிவாரம் வரை நடந்து போனார். கரையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது எஞ்சின் சத்தம் மாறும். அந்த மாற்றம் காதில் விழுந்த பிறகுதான் திரும்பி வருவார். மாசியில் ஒருநாள் அவர் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "போகலையாப்பா?" என்று கேட்டேன்.

"ஏறிருவான்" என்றார்.

அண்ணன் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தலைமை ஆசிரியராகி ஓய்வு பெற்றான். நாலு வருஷம் முன்பு போய்ச் சேர்ந்துவிட்டான். அப்பா அதற்கு வெகு காலம் முன்பே. நாயகம் அண்ணன் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், காது கேட்பதில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போனேன். இப்போது பஸ் போகிறது. தூர்ந்துபோன குளத்தின் கரையை வெட்டித் தாழ்த்தி, தண்ணீர் போகக் கீழே குழாய் பதித்து, சாலையைச் சமமாக்கித் தார் போட்டுவிட்டார்கள். எந்த இடம் என்று நான் ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே பஸ் நின்றது. "ஏத்தம் ஸ்டாப்பு எல்லாம் எறங்கு" என்றார் கண்டக்டர். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சமதரையில் இறங்கிப் பேசிக்கொண்டே நடந்து போனார்கள்.