ஓடையில் கிடந்த கறுப்புச் சேலை

நண்பன் இசையமைத்த பாட்டுக்கு வீடியோ எடுக்க, இருட்டும் மிரட்டலுமாகக் காட்சிகள் தேடி, சீசன் முடிகிற சமயம் குற்றாலம் போனேன். குளித்தவர்கள் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன துணிகள் அருவி ஓடையை அடைத்துக் கிடந்தன. எண்ணெய்ப் பிசுக்கு, ஷாம்பு நுரை, ஊறிப்போன டயப்பர். குமட்டியது. கேமராவில் மட்டும் அபாரமாக இருந்தது.

துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர், வெறுங்கையால் ஒரு கறுப்புச் சேலையை இழுத்துக் கரையில் போட்டார். ஓடிக்கொண்டிருந்த கேமராவை நிறுத்தாமல், மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, அதத் திரும்பத் தண்ணியில போடுங்களேன். ஒரே ஷாட்டுதான்."

போட்டார். நான் எடுத்து முடிக்கும்வரை முழங்காலளவு அழுக்குத் தண்ணீரிலேயே ஒதுங்கி நின்றார்.

"எடுத்தாச்சா தம்பி? இனி அள்ளட்டுமா?"

அந்த ஷாட்டைத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள். அதில் பதிவாகியிருந்த என் குரலை வெட்டிவிட்டேன். கேட்கக் குமட்டியது.