ஏறும்போது அடங்கிய இன்ஜின்

1. ஓடுபாதையை விட்டு எழுந்தோம். ஓட்டியது நான், பக்கத்து இருக்கையில் என் பயிற்சியாளர்.
2. வேலியோரம் அவருடைய நண்பர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இன்னும் கொஞ்சம் தூக்கு மா, பாக்கட்டும்" என்றார். தூக்கினேன்.
3. விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்த்திருந்தபோது இன்ஜின் அடங்கிவிட்டது.
4. மூக்கைக் கீழே தள்ளினேன். கண்ணாடி முழுக்கத் தரை.
5. இருமிக்கொண்டே இன்ஜின் திரும்ப வந்தது. ஒரு சுற்று சுற்றி இறங்கினோம்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே யோசிக்க நேரம் கிடையாது. அப்படி நிமிர்ந்து ஏறும்போது இன்ஜின் அடங்கிவிட்டால் வேகம் உடனே வடிந்துவிடும். இறக்கைகளுக்குக் காற்றில் பிடிப்பு போய்விடும். விழுந்தால் மீள்வதற்கு உயரமும் இருக்காது. மூக்கை இன்னும் மேலே இழுக்கத்தான் கை துடிக்கும். ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்றும் தோன்றும். இரண்டுமே ஆளைக் கொல்லும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

அடுத்து அதே விமானத்தில் ஏற ஒரு மாணவி காத்திருந்தாள். அவர் மெக்கானிக்கைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவரோ எல்லோர் முன்னாலும் சிரித்தபடி, தானேதான் த்ராட்டிலைக் குறைத்ததாகவும், நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று பார்த்ததாகவும் சொன்னார்.

த்ராட்டில் என்பது இன்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி. புறப்படும்போது அதை முழுதாகத் தள்ளிவிட்டு, பின்னால் நழுவாதபடி ஓட்டுபவர் உள்ளங்கையை அதன்மேலேயே வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருந்தேன்.

"சார், த்ராட்டில் மேல என் கைதான் இருந்துச்சு. நீங்க தொடவே இல்ல."

"டென்ஷன்ல உனக்கு ஞாபகம் இல்ல மா. போய் டீ குடி."

ஈஜிபுராவில் நான் தனியாக வீடெடுத்த புதிதில், ஆஸ்டின் டவுனில் இருந்த தன் வீட்டில் குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தவர் அவர். இன்ஜின் கோளாறு என்று அவர் ஒப்புக்கொண்டால், ஏன் அவ்வளவு தூக்கச் சொன்னீர்கள் என்ற கேள்வி வரும். நான் தனியாகப் பறக்க அவருடைய கையெழுத்து வேண்டும். அதனால் வாயை மூடிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அது புரிந்ததும், டீ குடிக்கப் போகவில்லை.

அந்த மாணவியிடம் ஏற வேண்டாம் என்றேன். மெக்கானிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

விமானம் இப்போது கொட்டகையில் நிற்கிறது. கோளாறு இன்னும் பிடிபடவில்லை. பயத்தில் நான் உளறுவதாக அவர் சொல்லிவருகிறார். வேறு பயிற்சியாளர் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. நான் இன்னும் தனியாகப் பறக்கவில்லை.