தராசு குலுக்கிய சீட்டு

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பேருந்துப் பணிமனையில் 'தராசு' என்று பெயர். இருபது வருடமாக அங்கே நேரக்காப்பாளர். வாரா வாரம் முப்பது பேருக்கு டூட்டி சார்ட் போடுகிறவர். அதில் பெயர் எழுத மாட்டார். நேரங்களை மட்டும் சீட்டில் எழுதிக் குலுக்கி, எல்லோரையும் எடுக்கச் சொல்வார். மிஞ்சும் சீட்டு அவருக்கு.

"எது எனக்கு விழும்னு தெரியாமத்தானே போடறேன். ஓரவஞ்சனை எப்படி வரும்?" என்பார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் இருந்துகொண்டு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். அத்தான் சொல்லும் இதே யோசனையைத் தடித்தடிப் புத்தகங்களில் படித்து, நீதிக் கோட்பாடு பற்றி எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவள். வகுப்பில் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். கேட்டால் அவருக்குத் தலைகால் புரியாது.

போன வருடம் அக்கா அதே பணிமனையில் நடத்துநராகச் சேர்ந்தாள். முதல் மூன்று மாதத்தில் இரண்டு முறை தாமதமானால் வேலை போய்விடும். முதல் வாரமே அவளுக்கு விழுந்தது காலை ஐந்து மணிச் சீட்டு. மிஞ்சியதைப் பிரித்தார் அத்தான். அதுவும் ஐந்து மணி.

திங்கட்கிழமை அத்தான் தேய்த்த சட்டையோடு நேரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். அக்கா சமைத்து, மகளை எழுப்பித் தலைபின்னி, டப்பா கட்டி, மாடியில் தூங்கும் என்னை எழுப்பாமல் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பத்து நிமிடம் தாமதமாகப் போனாள். அதைப் பதிவேட்டில் குறித்தவரும் அத்தானே. தராசு அல்லவா!

மாலையில் அக்கா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பஸ்ஸுக்கெல்லாம் சீட்டு போட்டீங்க. அடுப்புக்கும் ஜடைக்கும் ஏன் போடல?" என்றாள்.



மறுநாள் அத்தான் பணிமனையில் எல்லோரையும் கூட்டி, "நீங்க கெளம்பி வந்தப்புறம் வீட்ட யாரு பாக்கறா?" என்று கேட்டார். ஆண்கள் அத்தனை பேரும், "வீட்டுக்காரிதான்" என்றார்கள். அங்கே வேலை பார்க்கும் நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இருபது வருடமாக அந்த வீட்டுக்காரிகளை நம்பித்தான் தன் தராசு நேராக நின்றது என்று அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரமே, சின்னப் பிள்ளைகளை விட்டுவர ஆளில்லாதவர்கள் எட்டு மணிக்கு மேல் தொடங்கும் சீட்டை முதலில் எடுக்கலாம் என்று விதியை மாற்றினார்.

வீட்டிலும் சமையல், பாத்திரம், ஜடை என்று சீட்டு எழுதிக் குலுக்கினார். நான் மாடிப்படியில் நின்று, "சபாஷ் அத்தான், இதையும் வகுப்புல சொல்றேன்" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நியாயத்தப் பத்தி நாலு வருஷம் எழுதினியே, மேல சாப்பாடு தானாவாடி வந்துச்சு? எறங்கி வந்து எடு."

எனக்குச் சமையலும் ஜடையும் விழுந்தன. வெட்கமாகத்தான் இருந்தது.

அக்காவின் பெயருக்கு எதிரே அந்த ஒரு தாமதம்தான் இன்றுவரை. அவள் மகள் மட்டும் தினமும் கண்ணாடி பார்த்துவிட்டு, "சித்தி, ஒரு பக்கம் ஏறியிருக்கு" என்கிறாள். நானும் அவிழ்த்து மறுபடி பின்னுகிறேன்.