அப்பா பார்க்கக் கூடாத படங்கள்

கொலை, துரோகம், காட்டிக்கொடுப்பு. எனக்குப் பிடித்த படங்களெல்லாம் இந்த ரகம்தான். நல்லவன் ஒருவன் கெட்டதைச் செய்துவிட்டு முழிக்கிற படமென்றால் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிறு மத்தியானங்களில் அப்பாவும் என்னோடு உட்கார்ந்து பார்ப்பார். அக்காவுக்கு அது அறவே பிடிக்காது.

"அப்பாக்கு இந்தக் கண்டறியாத படங்களக் காட்டாத" என்பாள்.

காரணம் ஊருக்கே தெரியும். சண்டைக் காலத்தில் ஆமிக்காரர்கள் அப்பாவைப் பிடித்து, தலையில் நெல் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் ஜீப்பில் இருத்தினார்கள். சாக்குக்குள் இருப்பவர் தலையாட்டினால் எதிரே நிற்பவன் இயக்கப் போராளி என்று கணக்கு. வரிசையில் வந்த ஒரு பொடியனைக் கண்டு அந்தத் தலை ஆடியது. அவனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

சாக்குத் தூசியில் அப்பா தும்மிவிட்டார், தலை அதில்தான் ஆடியது என்பது எங்கள் வீட்டுக் கதை. ஊர் அதை நம்பவில்லை. கலியாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைக்க வருகிறவர்கள் எங்கள் வாசல் படலையைத் தாண்டிப் போய்விடுவார்கள். சின்ன வயதில் அதற்காக அழுதிருக்கிறேன். பிறகு கோபம்தான் வந்தது, ஊர்மேலும் அந்தத் தும்மல்மேலும்.

போன வருடம் ஒரு படம். சிநேகிதனைக் காட்டிக்கொடுத்தவன், எல்லாம் தற்செயலாக நடந்தது என்று கடைசியில் அழுகிறான். அப்பா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

"நான் அண்டைக்குத் தும்மயில்ல, மகள்."

"தெரியும் அப்பா. நீங்க செஞ்சது பிழை."

அவர் கோபப்படவில்லை.

"ஆரையாவது காட்டினா வீட்ட வரலாம் எண்டு நினைச்சன்" என்றார். எழுந்து சட்டையைப் போட்டார். வாவிக்கரையில் இருக்கிற அந்தப் பொடியனின் தாயிடம் போகவேண்டும் என்றார்.

அக்கா படலையில் மறித்தாள். "ஊர் என்ன கதைக்கும்?"

"இவ்வளவு காலமும் கதைக்காமலா இருந்தது? தள்ளு அக்கா" என்று நான் அப்பாவின் கூடவே போனேன்.

அந்தத் தாய் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பா நின்றபடியே சொன்னார், தெரிந்துதான் தலையாட்டினேன் என்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை அந்தத் தாய் கைகாட்டி நிறுத்தினார்.

"முதல்ல என்ட புள்ளட பேரச் சொல்லு."

எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் உச்சரிக்காத பேர் அது. அப்பா இரண்டு தரம் முதல் எழுத்தோடு நின்றார். மூன்றாம் தரம் சொன்னார்.

"பக்கத்து வளவு ஆக்களுக்கும் கேக்கட்டும்" என்றார் அந்தத் தாய்.

அப்பா சத்தமாகச் சொன்னார்.