கபீர் ராவுத்தர் விலை கேட்காமல் போன ஊர்

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி விலையைவிட வேகமாக ஏறுவது பேச்சு ஒன்றுதான். போன மாதம் ஏறிய பேச்சு இது: மொத்த அரிசிக் கடை கபீர் ராவுத்தர் லட்சத்தீவில் குடோன் எடுத்துவிட்டார், சூரை மீனை அவித்துக் காயவைக்கும் மாசிக் கருவாட்டை மொத்தமாக மடக்கப் போகிறார்.

ஆதாரம் இல்லாமல் பஜார் பேசாது. கல்லாவுக்குப் பக்கத்தில் தீவுகளின் வரைபடம் கிடந்ததாம். மூன்று வாரம் கடையை மகன் ஷிஹாப் பார்த்துக்கொள்வான் என்று சுமைக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டதாம். பெருநாளுக்கும் ஹர்த்தால் கடையடைப்புக்கும் தவிர கடைப்படி இறங்காத மனிதர் மூன்று வாரம் காணாமல் போவதென்றால், அதற்குப் பின்னால் ஒரு கப்பல் சரக்காவது இருக்க வேண்டாமா?

விசாரிக்கப் போனேன்.

"வாங்க சாரே. இந்தச் செருப்பு என்ன விலைக்கு எடுத்தீங்க?" என்றார் கபீர்.

அவர் வணக்கம் சொல்லும் முறை அதுதான். எதைக் கண்டாலும் விலை கேட்பார். மூத்த மகள் ரஃபீனாவின் நிக்காஹ் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து போய்ச் சமையல்காரரிடம் ஆட்டுக்கறி விலை கேட்டவர். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் நர்ஸிடம் கட்டில் விலை கேட்டவர். வாங்கும் உத்தேசம் இருக்காது, தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். விலை தெரியாமல் உத்தேசமாகக் காசு கொடுப்பவன் வியாபாரியே இல்லை என்பது அவர் கட்சி.

"குடோன் எங்கே எடுத்தீங்க?" என்றேன்.

"குடோனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நானும் ரம்லத்தும் சும்மா போறோம்."

"அப்போ மாசி?"

கபீர் குரலைத் தணித்தார். "மிளகுக்கடை சங்கர்ராம் எதுக்குப் போறீங்கன்னு கேட்டாரு. சும்மான்னு சொன்னா நம்புவாரா? ஆஸ்பத்திரி கேஸா, போலீஸ் கேஸான்னு நினைப்பாரு. வாயில வந்துச்சு, மாசி பாக்கப் போறேன்னு சொல்லிட்டேன். இப்ப பஜார் முழுக்க ஆர்டர் தந்து வச்சிருக்கு சாரே."

"ஆர்டரு!" கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து சாயாவோடு வந்தார் அவர் மனைவி ரம்லத். "நீங்களே கேளுங்க சாரே. கல்யாணம் ஆகி கொடைக்கானல் கூட்டிட்டுப் போனாரு. பூண்டு மண்டி பாத்தேன். நாகூர் போனோம், கருவாட்டுச் சந்தை பாத்தேன். ஹைதராபாத்ல எல்லாரும் சார்மினார் பாப்பாங்க. நான் மிளகாய் மார்க்கெட் பாத்து மூணு நாள் தும்மினேன்."

"நல்ல மிளகாய்" என்றார் கபீர்.

"அதனால இந்தத் தடவ பிளான் என்னோடது. தோப்பும்படி பாலம் தாண்டினா, திரும்பி வர்ற வரைக்கும் இவரு ஒரு சாமானோட விலையும் கேக்கக் கூடாது. சைகையில கேட்டாலும் கணக்குதான். கேட்டாருன்னா அந்த நிமிஷமே நான் திரும்பிடுவேன். பாலக்காட்டுல மக வீட்டுக்குப் போயி இருந்துக்குவேன். இவரு தனியா உக்காந்து மாசி எண்ணட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கபீர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ரம்லத்தின் பிளான் மூன்று தீவு: கல்பேனி, ஆந்த்ரோத், அமினி. அரிசி வாங்க வரும் கல்பேனிக்காரர் குஞ்ஞிக்கோயா, இவர்கள் என் விருந்தாளிகள் என்று எழுதிக்கொடுத்ததால் தீவுக்குள் இறங்க அனுமதியும் வந்துவிட்டது. ஒரு தீவில் இறங்கினால் அடுத்த கப்பல் வரும்வரை அங்கேதான். கப்பல் எப்போது வரும் என்பதைக் கடலும் கப்பல் ஆபீசும் பேசி முடிவுசெய்யும்.

"கல்பேனியில என்ன பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"உக்காருவோம்."

"ஆந்த்ரோத்துல?"

"அவிடயும் உக்காருவோம். வேற பக்கம் பாத்து."

கபீருக்கு நெற்றி வியர்த்தது. மாசி ஆர்டரை எடுத்தால் விலை கேட்டாக வேண்டும்; விலை கேட்டால் மனைவி இல்லை. ஆர்டரை மறுத்தால் காரணமில்லாமல் ஊர் சுற்றுகிறவன் என்று பஜாரில் பெயர் விழும். அரிசி மண்டிக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கபீரே சங்கர்ராமின் கடைப்படி ஏறினார். நானும் கூடப் போனேன், இதையெல்லாம் தவறவிட முடியுமா?

"சேட்டா, மாசி ஒண்ணும் இல்ல. நான் சும்மாதான் போறேன். பெண்டாட்டியோட உக்காந்துட்டு வருவேன்."

சங்கர்ராம் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "சரி சரி. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அன்று மத்தியானத்துக்குள் பஜார் முடிவுகட்டிவிட்டது: ஆர்டரையே மறுக்கிறார் என்றால் குடோன் பெரிது.

புறப்படும் நாளில் நானும் அவர்களோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன். கபீர் யோசனைக்காரர், ஆட்டோ வாடகையைத் தோப்பும்படி பாலத்துக்கு இந்தப் பக்கமே பேசி முடித்தார். பாலத்தின் பாதிக்குள் ஓட்டுநரிடம் டயர் விலை, டீசல் செலவு, மாதத் தவணை மூன்றையும் கேட்டுவிட்டார். பாலம் இறங்கியதும் ரம்லத் இருமினார். கபீர் வாயை மூடினார்.

கொச்சித் துறைமுகமான வில்லிங்டன் தீவில் கப்பல் தாமதம். வாசலுக்கு எதிரே சாயா வண்டி போட்டிருப்பவள் விருதுநகர்ப் பக்கத்துச் சீனியம்மாள். நான் சாயா வேண்டாமென்று ஒதுங்கி நின்றேன். கபீரும் ரம்லத்தும் ஆளுக்கு ஒரு சாயா, வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த ஒரு பழம்பொரி. கபீர் பழம்பொரியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அப்போது பயணிகளை அழைத்தார்கள். கூட்டம் எழுந்தது. கபீர் போனை எடுத்து வண்டியில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையின் மேல் காட்டினார். பெயர் வந்தது, சீனியம்மாள். அதன் கீழே தொகை போடச் சொல்லி ஒரு வெற்றுக் கட்டம்.

கட்டை விரல் கட்டத்துக்கு மேலே நின்றது.

"அடிங்க பாய், ஆளுக நிக்கிறாக" என்றாள் சீனியம்மாள், சாயா ஆற்றிக்கொண்டே.

கபீர் அவளைப் பார்த்தார். வண்டியில் விலைப் பலகை உண்டா என்று சுற்றிப் பார்த்தார். இல்லை. என்னைப் பார்த்தார், நான் கப்பலைப் பார்த்தேன். ரம்லத் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பாலக்காடு பஸ்ஸும் கல்பேனிக் கப்பலும் அந்த வாய்க்காகக் காத்திருந்தன.

கபீர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"வந்து தர்றேம்மா."

சீனியம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. "பாய் கடன் சொல்றாரா?"

ரம்லத் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குள் நடந்தார். முப்பது வருடத்தில் அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

நான் வண்டியருகே போனேன். "எவ்வளவும்மா ஆச்சு? நான் தர்றேன்."

"நீங்க எதுக்குத் தரணும்? துறைக்குச் சரக்கெடுக்க வர்ற ஆளுககிட்டச் சொல்லிவிட்டு டீத்தூள் என்ன வெல, பால் என்ன வெலன்னு கேட்டு உசுர வாங்குற மனுசன். அவரே வந்து கேக்கட்டும்."

பஜாருக்குத் திரும்பியதும் சங்கர்ராம் மறித்தார், என்ன நடந்தது என்று. நடந்ததைத்தான் சொன்னேன்: கபீர் பணம் பாக்கி வைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். மறுநாள் அரிசியைக் கடனுக்குக் கொடுத்திருந்த நாலு பேர் ஷிஹாபிடம் வந்து, அத்தா எப்போது திரும்புவார் என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்துப் போனார்கள்.

பாக்கி எவ்வளவு என்று மட்டும் இன்னும் யாருக்கும் தெரியாது. சீனியம்மாள் சொல்ல மாட்டேன் என்கிறாள். கல்பேனியில் கடல் சரியில்லையாம். அடுத்த கப்பலுக்குத் தேதி போடவில்லை.