நாலு மணி நாத்தனார்

கண் முழுதாகத் திறப்பதற்கு முன்பே பிரேக் அக்காவின் கை தலையணைப் பக்கம் துழாவத் தொடங்கிவிடும். முதலில் மூக்குக் கண்ணாடி, அடுத்து ஈரத்துணி, அதற்கடுத்து சர்க்கரை பார்க்கும் மீட்டர். அதுவரை கால் தரையில் படக்கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விரலைத் துடைத்து, நுனியின் ஓரமாக ஒரு குத்து. ஒரு சொட்டு. ஸ்ட்ரிப் அதை உறிஞ்சிக்கொள்ளும். எண் வருவதற்கு ஐந்து நொடி ஆகும். அந்த ஐந்து நொடியும், சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்ட ஓட்டுநரைப் போல மீட்டரை முறைத்துக்கொண்டிருப்பார்.

"இருநூத்தி அறுபத்தெட்டு," என்று காலி அறைக்கு அறிவிப்பார். "படுக்கும்போது நூத்தி நாப்பது. ராத்திரி நான் எழுந்திருக்கவே இல்ல. அப்ப சாப்பிட்டது யாரு?"

குத்துவதற்கும் முறை உண்டு. திங்கட்கிழமை இடது கைச் சுண்டுவிரல், செவ்வாய் மோதிரவிரல் என்று வரிசையாகப் போய், வெள்ளிக்கிழமை கட்டைவிரலில் முடியும். சனிக்கும் ஞாயிறுக்கும் வலது கையில் இரண்டு விரல்கள். வலது ஆள்காட்டி விரலுக்கு மட்டும் நிரந்தர விடுமுறை. "அங்க பாருங்க, லாரி" என்று காட்டுவதற்கு அது நல்ல நிலையில் இருக்க வேண்டும். இன்று என்ன கிழமை என்று யாராவது கேட்டால் அக்கா காலண்டரைத் தேடுவதில்லை. விரல்களைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

வயது நாற்பத்தாறு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருடமாகப் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் வைத்த வண்டியில் அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அந்த வலது காலுக்கு இப்போது தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. பேருந்தில் போனால் முன் இருக்கையின் அடியை மிதிக்கும். பல் வைத்தியரின் நாற்காலியில் காற்றை மிதிக்கும். தூக்கத்தில் மிதிப்பதைக் கணவரின் முழங்கால் வாங்கிக்கொள்ளும். பெயர் வந்த வழி இதுதான்.

வண்டியின் டேஷ்போர்டில் ஒரு டப்பா மிட்டாய் இருக்கும். நன்றாக ஓட்டினால் கொடுக்கிற பரிசு என்று நினைத்து, கல்லூரிப் பெண் ஒருத்தி ஒருநாள் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அக்கா வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு நிதானமாக விளக்கினார். "அது மிட்டாய் இல்லம்மா, என் ஸ்டெப்னி. சர்க்கரை இறங்கிப் போய்க் கை நடுங்கினா, அதை மாட்டித்தான் வீடு போய்ச் சேரணும்."

நோய் வந்தது பத்தொன்பது வயதில். உடம்பு இன்சுலின் செய்வதையே நிறுத்திக்கொள்ளும் முதல் வகை. ஊசி போட்டால்தான் அன்றைய பொழுது ஓடும். சின்ன வயதில் நிறைய இனிப்பு சாப்பிட்டீர்களா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. "ஆமாங்க, பொறந்ததுலேர்ந்து அதே வேலையாத்தான் இருந்தேன்" என்பார். கேட்டவர் தலையாட்டிக்கொண்டு போய்விடுவார்.

காலைச் சர்க்கரையின் மர்மத்தை விளக்கியவர் மருத்துவமனையின் சர்க்கரைப் பிரிவு நர்ஸ். விடியற்காலை நாலு மணிவாக்கில் உடம்பு விழிப்பதற்குத் தயாராகிறது, அந்த நேரத்தில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் கொட்டுகிறது, மற்றவர்களுக்கு இன்சுலின் ஓடிவந்து அதைச் சமாளித்துவிடும், உங்களுக்கு அதற்கு ஆள் இல்லை என்று படம் போட்டுச் சொன்னார். அக்கா படத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்ப இது எங்க நாத்தனார் மாதிரி. யாரும் கேக்காமலே நாலு மணிக்கு எழுந்து பத்து பேருக்கு சமைச்சு வைப்பாங்க."

"அதேதான்," என்றார் நர்ஸ். "ஆனா பந்தியில சாப்பிட ஆள் இல்ல."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கல்லீரலுக்கு நாத்தனார் என்று பெயர். கணவர் ரொட்டிக்கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். மூன்றரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். ஆறு மணிக்கு முதல் சுற்று ரொட்டியை இறக்கிவிட்டு, மாவுக் கையோடு போன் செய்வார். "எங்கக்கா இன்னைக்கு எத்தனை பேருக்கு சமைச்சாங்க?" அக்கா எண்ணைச் சொல்வார். இருநூறைத் தாண்டினால் அவர், "கல்யாணச் சாப்பாடு" என்பார்.

சிரிப்பெல்லாம் ஏழு மணி வரைக்கும்தான். எண் இருநூற்றைம்பதுக்கு மேல் இருந்தாலும் நூறுக்குக் கீழே இருந்தாலும் அக்கா வண்டியில் ஏறமாட்டார். பார்வையில் ஆவி படிந்த மாதிரி இருக்கும்போது இன்னொருவர் உயிருக்குப் பிரேக் பிடிப்பதாகச் சொல்லிக்கொள்வது பொய் என்பது அவர் கட்சி. ஏழு மணி வகுப்பு ஒரு ஓய்வுபெற்ற தபால்காரருக்கு. நாற்பது வருடம் சைக்கிள் மிதித்தவர், காரையும் சாலையின் ஓரக்கோட்டில்தான் ஓட்டுவார். வளைவு வந்தால் ஜன்னல் வழியே கையை நீட்டிவிடுவார். பல காலைகளில் அவர் பள்ளி பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்ஜினில் சின்ன வேலை என்று அக்கா சமாளிப்பார். எந்த இன்ஜின் என்று சொன்னதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பயிற்சியாளர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இந்த முறை டாக்டர் பேனாவைத் திறந்தார், மூன்று மாதக் காலை எண்களைப் பார்த்தார், பேனாவை மூடினார். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். காலைச் சர்க்கரை வழிக்கு வந்தால் கையெழுத்து. இல்லையென்றால் அந்த இருக்கையில் வேறு யாராவது உட்காருவார்கள். அதற்கு முன் ஒரு வாரம், விடியற்காலை மூன்று மணிக்குச் சர்க்கரை பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார் நர்ஸ். நாத்தனார் எழுந்திருப்பதற்கு முன்னால் வீடு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

அக்கா அலாரம் வைத்தார். முதல் நாள் காதில் விழவில்லை. இரண்டாம் நாள் விழுந்தது. உடனே வலது கால் மெத்தையை ஓங்கி மிதித்தது, அலாரம் நிற்கவில்லை, ஏற்கெனவே எழுந்திருந்த கணவர்தான் வந்து நிறுத்தினார். எப்படியும் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழுந்திருப்பவன் நான், நானே பார்த்துவிடுகிறேனே என்று அவர் கேட்டார். அக்கா ஒப்பவில்லை. இருபத்தேழு வருடமாகத் தன் விரலைத் தானே குத்திக்கொள்பவர் அவர். மகப்பேறு வார்டில்கூட மீட்டரைப் பிறர் கையில் கொடுத்ததில்லை என்பார்.

"தினம் யார் யார் கையிலேயோ ஸ்டியரிங்கைக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்கார்ற," என்றார் கணவர். "ஒரு வாரம் எனக்குக் குடேன்."

"அங்க என் கால்கிட்ட ஒரு பிரேக் இருக்குங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அக்காதான் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்து, மடித்து, மறுபடி பிரித்துப் பார்த்தார். பிறகு மீட்டர் டப்பாவைக் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார்.

அடுப்புக்குள் எட்டிப் பார்ப்பதற்காகக் கணவர் நெற்றியில் மாட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று உண்டு. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தார். மிதி வாங்கினார். எப்படியோ ஒரு சொட்டு எடுத்தார். அறுபத்தொன்று. நெற்றியைத் தொட்டால் சில்லென்று வியர்வை. எழுப்பி உட்காரவைத்து, நாலு மிட்டாயைச் சப்ப வைத்து, பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி குத்தினார். தொண்ணூற்றாறு. அன்று கடைக்கு அரை மணி தாமதம், பதினொரு வருடத்தில் முதல் முறை.

போவதற்கு முன்னால், இரவு ஊசி எவ்வளவு போட்டாய் என்று கேட்டார். கேட்கும் விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அக்காவுக்குப் புரிந்தது. ஒரு மாதமாக, காலை எண்ணைப் பார்த்த கோபத்தில், அக்கா இரவு ஊசியில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு யூனிட் கூட்டிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நாத்தனார் எழுவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடலாம் என்ற எண்ணம். நாத்தனார் எழுந்தது எழுந்ததுதான், சமைத்தது சமைத்ததுதான். நடுவில் மூன்று மணிக்கு அக்காதான் பள்ளத்தில் கிடந்திருக்கிறார். அது எவ்வளவு நாளாக நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

கணவர் திட்டவில்லை. பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாடம் ஒன்று அவரிடம் இருந்தது.

"கண்ணாடியைப் பாக்காம பிரேக் போட்டா பின்னால வர்றவன் வந்து இடிப்பான். யார் சொன்னது?"

"நான்தான்."

"பின்னால வர்றது நான்தான்மா."

அக்காவின் வாயில் கடைசி மிட்டாய் இருந்தது.

வாரக் கடைசியில் ஏழு எண்களோடு, அந்த இரண்டு யூனிட்டையும் அவரே நர்ஸிடம் ஒப்புக்கொண்டார். நர்ஸ் முகத்தைச் சுளித்தார், பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். கூட்டியது கழிக்கப்பட்டது. இரவுச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டிருந்த ஊசி படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளிப்போனது. ஊசி மருந்து என்ற காவல்காரன் சாயங்காலமே வந்து நின்று களைத்து, சரியாக நாத்தனார் எழுகிற நேரத்தில் தூங்கிப்போகிறான். அவனைக் கொஞ்சம் தாமதமாக வேலைக்கு வரச் சொல்கிறோம் என்றார் நர்ஸ். எண்கள் அடம் பிடித்து, இரண்டு அடி முன்னால் வைத்து, ஒரு அடி பின்னால் போய், மெல்ல இறங்கின.

இதற்கிடையே செய்தி உண்மையான நாத்தனாரின் காதுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று இன்றுவரை இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் போன் செய்தார். குரலில் துளி கோபம் இல்லை, கவலைதான். "நான் நாலு மணிக்கு எழுந்தா உனக்கு சர்க்கரை ஏறுதாமே. சொல்லியிருக்கக் கூடாதா? இனிமே அஞ்சு மணிக்குத்தான் எழுந்திருப்பேன், போ." அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்த வாரம் எண் இன்னும் பதினைந்து குறைந்ததை எதில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆறாவது வாரம் நூற்று முப்பத்தொன்று. டாக்டர் பேனாவைத் திறந்தார், இந்த முறை மூடுவதற்கு முன் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனை: வாரத்தில் ஒருநாளாவது மூன்று மணிக்குப் பார்க்க வேண்டும். தபால்காரர் மூன்றாவது முயற்சியில் உரிமம் வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு ஜன்னல் வழியே கையை நீட்டி வலது பக்கம் திரும்பிப் போனார். கூடவே பிரேக் அக்காவின் கால் வாசற்படியை மிதித்தது.

அந்த ஒருநாளாகச் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கணவர் எழுந்து, நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி வந்து குனிவார். முழங்காலைப் பழக்க தோஷத்தில் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்வார். தேவையில்லை, கால் அசைவதில்லை. அக்கா கண்ணைத் திறப்பதுமில்லை. வெளிச்சம் முகத்தில் பட்டதும், சீராக வரும் குறட்டை கொஞ்சமும் தடைப்படாமல், போர்வைக்குள்ளிருந்து இடது கை மெல்ல வெளியே வரும். மற்ற விரல்கள் மடிந்திருக்க, மோதிரவிரல் மட்டும் அவரை நோக்கி நீண்டிருக்கும்.