சுவரடியில் சொன்ன பொய்

ஒரு சுவரைப் பார்ப்பதற்காகச் சுவிசின் பேர்ணிலிருந்து பேர்லினுக்குப் பத்து மணித்தியாலம் கார் ஓட்டியவர் என் அப்பா. அதுவும் இடித்ததுபோக மிச்சமாய் நிற்கிற சுவரை. பூம்ப்ளிஸ் பள்ளிக்கூடத்தில் நான் அதைப் பற்றி எழுதவேண்டும் என்று அம்மா அவரை நம்பவைத்திருந்தார். எனக்கு ஒன்பது வயது. எங்கள் வகுப்பில் அப்போது தேனீக்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

உண்மைக் காரணம் பேர்லினில் இருந்த பெரியப்பா. ஊரில் இருவருடைய காணிக்கும் நடுவே இருந்த வேலியை அவர் அரை முழம் தள்ளி அடைத்துவிட்டார் என்பது அப்பாவின் வழக்கு. இருவரும் அகதியாய் வந்து, அந்தக் காணியைப் பிறகு கண்ணாலும் காணவில்லை. கோபம் மட்டும் கூடவே வந்துவிட்டது. "அவரின்ரை வீட்டுப் படி மிதிக்கமாட்டன்" என்பார் அப்பா. அதனால் யாருடைய வீடுமில்லாத ஓர் இடமாகப் பார்த்துப் பெரியப்பாவை அங்கே வரச்சொல்லியிருந்தார் அம்மா. அடுத்த கிழமை பெரியப்பாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். அது எங்களில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

சுவர் கொஞ்சத் தூரம் நின்று, பிறகு ஆள் நுழையக்கூடிய இரும்புக் கம்பிகளாகத் தொடர்ந்தது. பெரியப்பாவைக் கண்டதும் அப்பா விறுவிறென்று மற்றப் பக்கம் போய், சுவர் முடிகிற இடத்தில் நின்றுகொண்டார். பெரியப்பா இந்தப் பக்கமே நின்றார். அம்மா காரில் எதையோ மறந்தவர்போல நழுவிவிட்டார். மிஞ்சியது நான்.

"கொப்பாவைக் கேள், சாப்பிட்டவரோ எண்டு" என்றார் பெரியப்பா. கம்பிகளுக்குள்ளால் ஓடினேன்.

"சாப்பிட்டாச்சு எண்டு சொல்லு. ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாராம் எண்டும் கேள்" என்றார் அப்பா.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லு பிள்ளை."

இப்படி ஏழெட்டுத் தடவை. கால் உளைந்தது. சுவிசிலிருந்து வருகிற பிள்ளைக்குப் பெரியப்பா சொக்லேட் வாங்கி வந்திருந்தார். இவர்கள் கதைத்து முடிக்காமல் அது என் கைக்கு வராது போலிருந்தது. கடைசித் தடவை பெரியப்பா ஒன்றுமே சொல்லவில்லை. கம்பிகளைப் பார்த்தபடி நின்றார். நான் அப்பாவிடம் ஓடிப்போய், "பெரியப்பா உங்களை வரட்டாம்" என்றேன்.

அப்பா வந்தார். "அண்ணை, கூப்பிட்டனீங்களாம்."

நான் அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பெரியப்பா என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஓம் தம்பி. கூப்பிட்டனான்."

அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கைக்கு வந்துவிட்ட சொக்லேட்டை நான் பிரித்தேன்.

ஒப்பரேஷனுக்குப் போன பெரியப்பா வீடு திரும்பவில்லை. என் பொய் பிடிபடவில்லை என்ற பெருமை எனக்குப் பல வருடம் இருந்தது.

போன மாதம் என் மகளை அங்கே கூட்டிப்போனேன். அன்று அப்பா நின்ற இடத்தில் போய் நின்று அவள் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தாள். பெரியப்பா நின்ற இடத்தில் நின்ற எனக்கு அது ஒரு சொல் விடாமல் கேட்டது. நான் ஓடி ஓடிச் சுமந்ததெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே கேட்டிருக்கிறது. பெரியப்பா தன்னைக் கூப்பிடவேயில்லை என்பதும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வந்திருக்கிறார்.